வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க

“அஞ்சு வருஷமே போட்டுருங்க தம்பி. மூணு பத்தாது. மெஷினுக்கு மூணு வயசுங்கிறது இப்பதான் நடக்கக் கத்துக்கிட்ட குழந்தை மாதிரி. அதுக்கப்புறம்தான் சேட்டையே ஆரம்பிக்கும்,” என்றார் அப்பா.

தம்பி என்று அழைக்கப்பட்ட விற்பனைக்காரருக்கு முகமெல்லாம் பல். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு, “ஒரு நிமிஷம் சார்,” என்று தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவர் சொன்ன ‘ஒரு நிமிஷ’ங்களை எல்லாம் கூட்டினால் ஒரு முழு மத்தியானம் தேறும்.

புது லேப்டாப் டப்பா மேசைமேல் இருந்தது. வாங்குவது என்று முடிவாகிவிட்டது, அதில் சண்டையே இல்லை. சண்டை எல்லாம், கம்பெனி சும்மா கொடுக்கிற ஒரு வருஷ வாரண்டிக்கு மேல் இன்னும் நாலு வருஷத்தைக் காசு கொடுத்து நீட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதில்தான். அதையும் சண்டை என்று சொல்வதற்கில்லை. அப்பா பேசிக்கொண்டிருந்தார், மகள் வார்த்தைகளை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பில் போடுகிற மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்று தூணுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்தது, அதில் அவள். முதுகுக்குப் பின்னால் டிவி அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. வெளியே வர ஒரே வழி, அப்பா உட்கார்ந்திருந்த அடுத்த நாற்காலி. அவர் எழுந்தால்தான் இவள் எழ முடியும். ஜன்னல் என்று ஒன்று அந்த மாடியிலேயே கிடையாது. எதிர்ச் சுவரில் வரிசையாக டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே மீன், ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பியது.

வீட்டில் அவளுக்குப் பெயர் ஸ்க்ரூ. அண்ணன் வைத்தது. சின்ன வயதில் டார்ச், அலாரம் கடிகாரம், அண்ணனுடைய கால்குலேட்டர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் போடுவாள். திரும்ப மாட்டவும் மாட்டிவிடுவாள். ஆனால் எப்போதும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடக்கும். கடிகாரம் என்னவோ ஓடும். அந்த ஒரு ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு வீடே அவளைப் பார்த்துச் சிரிக்கும். இப்போது அவள் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைகிறாள்: காடு, கோட்டை, மழை பெய்கிற தெரு. பழைய லேப்டாப்பைத் தானே பிரித்துப் பிரித்து, அதன் ஆயுளை இழுத்துப் பிடித்திருந்தாள். போன வாரம் அதிலிருந்து புகை வந்தது. ஸ்க்ரூவாலேயே முடியாது என்றால் யாராலும் முடியாது என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு எதற்கு நீட்டித்த வாரண்டி? கைப்பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறவள் அவள். இது அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவருடைய கம்பெனியின் பராமரிப்பு ஒப்பந்தத்தில்தான் ஏறி இறங்குகின்றன. ஒப்பந்தம் இல்லாத மெஷினைப் பார்த்தால், தெருவில் தனியாக அழுதுகொண்டு நிற்கிற குழந்தையைப் பார்த்த மாதிரி அவருக்கு மனசு தாங்காது. லேப்டாப் அவள் சம்பாத்தியம், வாரண்டி தன்னுடைய அன்பளிப்பு என்று வழியிலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததிலிருந்தே அந்த வாரண்டியை எப்படியாவது தட்டிக்கழிக்க அவள் வழி தேடிக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அந்த லேப்டாப் வீட்டில் இருக்கப்போவதில்லை.

ஒரு விளையாட்டுக் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. வேறு ஊர். இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம். அடுத்த மாதம் வந்து சேர வேண்டும், கம்ப்யூட்டர் உங்களுடையதாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குத் தெரியும். அம்மா கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள், பிறகு ஒரே வரியில் கையைக் கழுவிக்கொண்டாள்: அப்பாகிட்ட நீதான் சொல்லணும், நான் சொன்னா எனக்கு முன்னாடியே தெரியும்னு தனியா ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

அப்பாவிடம் சொல்ல முடியாததற்குக் காரணம் அண்ணன். ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுத்தான் அவனும் வெளியூர் வேலைக்குப் போனான். வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது எப்போதாவது வருகிறான், வந்த பையைக்கூட முழுசாகத் திறப்பதில்லை, கிளம்பிவிடுகிறான். அவனுடைய அறையில் லிஃப்ட் உதிரி பாகங்கள் இருக்கின்றன. அப்பா அவனைப் பற்றிக் குறை சொல்வதே இல்லை. குறை சொன்னால்கூடத் தேவலை.

அதைவிட மோசம், மேசை. புது லேப்டாப் வருகிறது என்றதும் அப்பா தானாகவே ஒரு மேசை செய்துவிட்டார். யாரோ கழற்றிப் போட்ட பழைய லிஃப்டின் மரப்பலகையை இழைத்து, ஜன்னல் ஓரமாக, அவள் உயரத்துக்கு. கால் வைத்துக்கொள்ள லிஃப்டின் கைப்பிடிக் கம்பி. வலது ஓரத்தில், சும்மா ஒரு குஷிக்கு, லிஃப்டின் சிவப்பு அலாரம் பொத்தான். அமுக்கினால் சமையலறையில் மணி அடிக்கும். அடித்துக் காட்டினார். அம்மா சமையலறையிலிருந்து ஸ்க்ரூவை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த மேசையைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

விற்பனைக்காரர் திட்டத்தை விளக்க ஆரம்பித்தார். பேச்சில் மனிதர் கெட்டிக்காரர். ஐந்து வருஷம் எது கெட்டாலும் கடைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், ஒரு போன் போட்டால் போதும், ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றார். ‘வீட்டுக்கே’ என்ற சொல்லில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரே வாழ்நாள் முழுக்க இன்னொருவர் கட்டடத்துக்குப் போய்ப் பார்க்கிறவர். தன் வீட்டுக்கு ஒருத்தன் பையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறான் என்பதில் அவருக்கு என்ன ஒரு மிதப்பு.

இரண்டே நிபந்தனைதான் என்று விற்பனைக்காரர் குரலைத் தாழ்த்தினார். ஒன்று, கம்பெனி ஆளைத் தவிர வேறு யாரும் மெஷினைத் திறக்கக் கூடாது. அடியில் ஒரு ஸ்க்ரூமேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கிழிந்தால் வாரண்டியும் கிழிந்தது. இன்னொன்று, எந்த முகவரியைப் பதிவு செய்கிறோமோ அந்த முகவரிக்குத்தான் ஆள் வருவார்.

அப்பா முதல் நிபந்தனைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது நிபந்தனையைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“வேண்டாம்பா,” என்றாள் ஸ்க்ரூ. “நானே பார்த்துக்குவேன்.”

“புகை வந்துச்சே, அப்படியா?”

விற்பனைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

அவள் விடவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆள் வந்து நிற்பான் என்றாள். நான் லீவு போடுகிறேன் என்றார் அப்பா. முன்பின் தெரியாதவன் வீட்டுக்குள் வருவது எனக்குப் பிடிக்காது என்றாள். நான் முன்பின் தெரிந்த வீட்டுக்கு மட்டும்தான் வேலைக்குப் போகிறேனா என்றார் அப்பா. காசு வீண் என்றாள். காசு என்னுடையது, நீ ஏன் வீணாக்குகிறாய் உன் வாயை என்றார். அவள் ஒவ்வொரு கதவாகத் திறக்கத் திறக்க, அப்பா பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் அன்பாகச் சாத்திக்கொண்டே இருந்தார். கோபப்பட்டாலாவது பரவாயில்லை, எதிர்த்து நிற்கலாம். சிரித்துக்கொண்டே சாத்துகிறவரை என்ன செய்வது?

மடியில் போன் ஒரு துடி துடித்தது. அம்மா. ‘சொல்லிட்டியா’ என்று கேட்டிருந்தாள். கேள்விக்குறிகூடப் போடவில்லை, அவ்வளவு அவசரம். ஸ்க்ரூ போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“அட்ரஸ் சொல்லுங்க சார்,” என்றார் விற்பனைக்காரர்.

அப்பா முகவரி சொன்ன அழகைக் கேட்க வேண்டும். கதவு எண், தெரு, அதோடு நிற்கவில்லை. மருந்துக்கடை தாண்டி வலது பக்கம், பச்சை கேட், மணி வேலை செய்யும், நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது என்று, வரப்போகிற மெக்கானிக்குக்கு இப்போதே வழி காட்டினார். விற்பனைக்காரர் தட்டச்சு செய்துகொண்டே, தலை நிமிராமல், பழக்க தோஷத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

“மெஷின் இந்த அட்ரஸ்லயேதான இருக்கும்? வெளியூர் எதுவும் கொண்டு போக மாட்டீங்கல்ல மேடம்?”

கேள்வி அவளிடம்தான் வந்தது. பதில் அப்பாவிடமிருந்து போனது. எங்கே போகப்போகிறது, ஜன்னல் ஓரமாக மேசையே போட்டாயிற்று என்றார். அலாரம் பொத்தானைப் பற்றியும் சொன்னார். விற்பனைக்காரர் சூப்பர் சார் என்றார்.

எதிரே எல்லா மீன்களும் ஒன்றாகத் திரும்பின. கையெழுத்து போட்டால் அப்பாவை ஏமாற்றுகிறாள். போட மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். எழுந்து வெளியே போய் மூச்சு விட்டுவிட்டு வரலாம் என்றால் அதற்கும் அப்பாதான் எழுந்து வழிவிட வேண்டும். தூணில் தோள் இடித்தது.

திட்டத்தைப் பதிவு செய்ய மேலாளருடைய ஒப்புதல் வேண்டுமாம். ஒரு நிமிஷம் சார் என்று விற்பனைக்காரர் எழுந்து போனார்.

இருவரும் தனியாக இருந்தார்கள். அப்பா டப்பாவின் மூலையைத் துடைத்தார், தூசியே இல்லாத மூலையை. பிறகு கையை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் பார்க்காமல், மேசையைப் பார்த்தபடியே கேட்டார்.

“எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல நிக்குறே?”

இது அவர்கள் வீட்டுக் கேள்வி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் அப்பா முதலில் இதைத்தான் கேட்பார். பயப்படாதீங்க, கதவை நெம்பாதீங்க, எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல நிக்கிறீங்க? மேலே மெஷின் அறைக்குப் போனால் அவருக்கே தெரிந்துவிடும், கேட்கவே தேவையில்லை. ஆனாலும் கேட்பார். பதில் சொல்ல ஆரம்பித்தால் ஆள் பாதி வெளியே வந்த மாதிரி என்பது அவர் கணக்கு. வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றினாலும் அதே கேள்விதான். பரீட்சையில் கோட்டைவிட்ட அன்று அவளைக் கேட்டிருக்கிறார். அண்ணனைக் கேட்டாரா என்று அவளுக்குத் தெரியாது.

“ரொம்ப நேரமா நடுவுலதான்பா,” என்றாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வேலை கிடைத்தது, ஊர், அடுத்த மாதம், சொந்தக் கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். மேசை ரொம்ப நல்லா இருக்குப்பா என்று சம்பந்தமே இல்லாமல் கடைசியில் ஒன்றைச் சேர்த்தாள்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். லிஃப்டின் மோட்டார் சத்தத்தை அவர் இப்படித்தான் கேட்பார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயை மூடி. முகத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்குவது எங்கே, கூட யார், சம்பளம் நேரத்துக்கு வருமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

அவள் வாய் திறப்பதற்குள் மேசைமேல் கவிழ்ந்திருந்த போன் மறுபடி துடித்தது. அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். ‘சொல்லித் தொலையேன்டி’ என்று இருந்தது.

“சொல்லிட்டேன்னு போடு,” என்றார் அப்பா.

அவர் சிரிக்கிறாரா என்று அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. டப்பாவின் அதே மூலையை மறுபடி துடைத்தார்.

விற்பனைக்காரர் திரும்பி வந்தார். ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று தாளை அவள் முன்னால் வைத்தார். ஸ்க்ரூவுக்கு நெஞ்சு லேசானது. இனி இது தேவைப்படாதே. அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

“தம்பி, மெஷின் வெளியூர் போகுது. அடுத்த மாசம்.”

“அப்படியா சார்? அப்போ அட்ரஸை மாத்திரலாம் சார். அங்க வீட்டுக்கே ஆள் வருவாங்க. ஒரு நிமிஷம்.”

“வேண்டாம். அட்ரஸ் அதுவே இருக்கட்டும்.”

விற்பனைக்காரருக்குப் புரியவில்லை. அப்படியானால் ஏதாவது கெட்டுப்போனால் யாரும் அந்த ஊருக்கு வர மாட்டார்கள், மெஷினைத் தூக்கிக்கொண்டு பச்சை கேட் வீட்டுக்குத்தான் வர வேண்டும், இது சரிப்பட்டு வராது சார் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

“கொண்டு வருவா,” என்றார் அப்பா. பிறகு அவளிடம், லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் பேசுகிற அதே அமைதியான குரலில் சொன்னார். “போயிட்டு வா. நான் எதுக்கு உன்னைத் தடுக்கப் போறேன்? ஆனா மெஷின் கெட்டுப்போனா வீட்டுக்கு எடுத்துட்டு வா. வேற யாரும் திறக்கக் கூடாது. நீயும்தான். ஸ்டிக்கர் இருக்கு.”

அவருக்குத் தெரியும். ஒரு மெஷினைப் பற்றி அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? எந்த மெஷினும் ஐந்து வருஷம் கெடாமல் இருக்காது. அண்ணன் போகும்போது இப்படி ஒரு ஒப்பந்தம் போட அவருக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றிவிட்டது.

லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே எடுக்கும் விதம் பற்றி அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். பிரேக்கைத் தளர்த்தி லிஃப்டை மெல்ல நகர்த்தி, எந்த மாடி பக்கத்தில் இருக்கிறதோ அங்கே இறக்கிவிடுவாராம். அவர்கள் போக வேண்டிய மாடிக்கு அல்ல. பக்கத்து மாடிக்கு. வெளியே வந்த சந்தோஷத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லையாம்.

ஸ்க்ரூ கவனித்தாள்.

அப்பா பேனாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார். இதோ, வழி. மத்தியானம் முழுக்க அவள் ஏங்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளி, படிக்கட்டு வரைக்கும் காலியாகக் கிடந்தது. அவள் எழுந்து போகலாம், யாரும் தடுக்கவில்லை. வேண்டாம்பா, நானே பார்த்துக்குவேன் என்று சொல்லலாம், இப்போது அதில் பொய்யும் இல்லை. அப்பா தலையாட்டுவார். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். அதுதான் பிரச்சினை. அந்த வழி திறந்ததும்தான் அவளால் நாற்காலியை விட்டு அசைய முடியாமல் போயிற்று.

கையெழுத்து போட்டாள்.

விற்பனைக்காரர் வாழ்த்துச் சொன்னார், யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. பஸ்ஸில் அப்பா டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தரமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அந்த ஊரில் குளிருமா என்று கேட்டார். குளிரும் என்றாள். மெஷினுக்கு நல்லது என்றார். வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அஞ்சு வருஷம் போட்டாச்சு என்று அப்பா டப்பாவை உயர்த்திக் காட்டினார், பரிசுக் கோப்பை மாதிரி.

லேப்டாப்பை ஜன்னல் ஓர மேசையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள் ஸ்க்ரூ. அடியில் பொடிப்பொடியாக ஸ்க்ரூக்கள், அதில் ஒன்றின்மேல் ஒரு பொட்டு அளவு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். கைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. சமையலறையில் அப்பா அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிவப்புப் பொத்தான்மேல் அவள் விரல் சும்மா போய் உட்கார்ந்தது. அமுக்கவில்லை.

அடுத்த மாதம் அவள் போவாள், அதில் சந்தேகமே இல்லை. கோடை வரும். புது மெஷின் என்றாலும் உள்ளே சுற்றுகிற குட்டிக் காற்றாடியில் தூசி அடையும், கர் கர் என்று ஒரு சத்தம் கிளம்பும். அது என்ன சத்தம் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஸ்டிக்கரைக் கிழித்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, வாயால் ஒரு ஊது ஊதினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஒரு ராத்திரிப் பயணம், மருந்துக்கடை, பச்சை கேட், குரைக்கிற நாய். கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள் இல்லையா, அப்போது என்ன செய்வாள் என்று நினைக்கிறீர்கள்? கிழிப்பாளா, பஸ் ஏறுவாளா?